மனச்சோர்வு மாத்திரை: பத்தே நாளில் நிறுத்தலாமா?

காஞ்சிபுரம் அருகே ஐயம்பேட்டை போன்ற பட்டு நெசவு ஊர்களில், நெய்தால்தான் கூலி. தறியில் உட்கார மனசே வராதவரை ‘சோம்பேறி’ என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் ஆர்வம், தூக்கம், பசி குறைந்து 2 வாரத்துக்கு மேல் நீடித்தால், அது மனச்சோர்வாக இருக்கலாம். லேசானது என்றால் பேச்சு சிகிச்சையே போதலாம். தீவிரமானால் மாத்திரையும் தேவை.

சிக்கல் இங்கேதான். தலைவலி மாத்திரை மாதிரி இது உடனே கேட்காது. பலன் தெரியவே 2 முதல் 4 வாரம் ஆகலாம். குமட்டல் போன்ற பக்கவிளைவோ முதல் வாரமே வந்துவிடும். ‘மருந்து ஒத்துக்கலை’ என்று பலர் நிறுத்துவது அப்போதுதான். குணமான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும். டாக்டர் சொல்லித்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

கூலியை விட்டு ஆஸ்பத்திரி போக முடியவில்லையா? ‘டெலி மானஸ்’ 14416 எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம். தற்கொலை எண்ணம் வந்தால் உடனே அழையுங்கள்.