புகை வாசம் வீசும் ஒரு தேநீர்க்காரர்

டீ வாசனையில் ஒரு பெர்ஃப்யூம் என்றால், பாலும் சர்க்கரையும் கொதித்துப் பொங்குகிற வாசம்தான் நம் நினைவுக்கு வரும். பிரெஞ்சுக்காரர்களின் கணக்கு வேறு. 1990களின் தொடக்கத்தில் ழான் குளோத் எலெனா என்ற வாசனைக் கலைஞர், பாரிஸில் மரியாஜ் ஃப்ரேர் தேயிலைக் கடையின் டப்பாக்களை முகர்ந்த அனுபவத்திலிருந்து ஒரு பச்சைத் தேநீர் மணத்தை உருவாக்கினார். வேறு இடங்களில் வேண்டாமென்று சொல்லப்பட்ட அதை, நகைகளுக்குப் பெயர்போன புல்காரி எடுத்துக்கொண்டது.

அந்தத் தேநீர் மணத்துக்கு எலெனா தேயிலையைத் தேடிப் போகவில்லை. வயலெட் பூவின் வாசம் தரும் அயோனோன், மல்லிகைச் சாயல் கொண்ட ஹெடியோன் என்ற இரண்டு ரசாயனங்களையும் கலந்தே மூக்கை நம்பவைத்தார். ஏமாற்று வேலை என்று சொல்லிவிட முடியாது. கறுப்புத் தேயிலையிலும் அயோனோன் இயல்பாகவே இருக்கிறது; இலை பதமாகும்போது அதிலுள்ள கரோட்டின் சிதைவதால் உண்டாவது அது. அந்த சென்ட்டை ஓர் ஆளாக நினைத்துப் பார்த்தால், இஸ்திரி மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டையில், சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து உட்கார்ந்திருப்பவர். அவரைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வம்பு பேசவும் ஒன்றுமில்லை.

எனக்குப் பிடித்தவர் இன்னொருவர். லார்ட்டிஸான் பர்ஃப்யூமர் என்ற பாரிஸ் நிறுவனம் 2000இல் வெளியிட்ட ‘டீ ஃபார் டூ’. செய்தவர் ஒலிவியா ஜியாகொபெட்டி. அத்தி மரத்தின் வாசத்தை 1994இலேயே ‘ப்ரெமியே ஃபிகியே’ என்ற பெயரில் குப்பியில் அடைத்தவர். இந்த முறை அவர் எடுத்துக்கொண்டது லாப்சாங் சூச்சோங். சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில், வூயி மலைப் பகுதியில் பைன் விறகுப் புகையில் காயவைக்கும் கறுப்புத் தேயிலை அது. குடித்தால் பாதி தேநீர், பாதி அடுப்பங்கரை.

மணிக்கட்டில் அடித்ததும் முதலில் எழுவது பெர்கமோட்டின் எலுமிச்சைப் புளிப்பும் அன்னாசிப்பூவும். அது அடங்குவதற்குள் புகை வந்துவிடுகிறது. சற்றுப் பொறுத்தால் பட்டையும் இஞ்சியும். இந்த இடத்தில் தமிழ் மூக்குக்கு பிரியாணி அண்டா ஞாபகம் வராமல் இருக்காது, வரட்டும், தப்பில்லை. ஆனால் கீழே தேனும் வெனிலாவும் காய்ந்த புகையிலையும் காத்திருக்கின்றன. அவை மேலெழும்போது பிரியாணி ஒதுங்கி, இனிப்பான ஒரு ரொட்டி வாசம் மட்டும் தோலோடு ஒட்டிக்கொள்கிறது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தால்தான் தெரியும் அளவுக்கு.

இந்த ஆள் நேரத்துக்கு வரமாட்டார். வந்தாலும் காரணம் சொல்லமாட்டார். முதல் பார்வையில் கொஞ்சம் முரடு, குரலில் கரகரப்பு. இரண்டாவது கோப்பை நிரம்பும்போதுதான் பேச்சு சூடு பிடிக்கும். பிறகு, கடைசி பஸ் போய்விட்டது என்று யாராவது நினைவூட்ட வேண்டியிருக்கும்.

பட்டை வாசனை பிடித்தால் துணிச்சல்காரர், வெனிலா பிடித்தால் பாசக்காரர் என்று விளம்பரங்கள் ஜாதகம் கணிப்பதை நான் நம்புவதில்லை. குப்பிக்குள் குணம் எதுவும் இல்லை. முகர்கிறவரின் ஊரும் வீடும்தான் அதற்கு ஆள் உருவம் கொடுக்கின்றன. பிரான்ஸில் இஞ்சி, பட்டை, தேன் மூன்றும் சேர்ந்தால் ‘பான் தெபீஸ்’ என்ற கேக். அதாவது குளிர்காலம், கிறிஸ்துமஸ். அங்கே இந்த சென்ட் போட்டவர் வீட்டுக்கு விருந்தாளியாக வந்த மாமா. நமக்கு இஞ்சியும் பட்டையும் வருஷம் முழுக்க அஞ்சறைப் பெட்டியில் கிடப்பவை. ஆகவே நம்மூரில் அவர் விருந்தாளி இல்லை, சமையலறைவரை உரிமையோடு வந்து போகிறவர். விலையைப் பார்த்தால் மட்டும் அந்த உரிமை கொஞ்சம் இடிக்கிறது.

சென்னை மே மாதத்துக்கு இது சரிப்படாது. வியர்வையோடு தேனும் வெனிலாவும் சேர்ந்தால் கழுத்து பிசுபிசுக்கிற உணர்வுதான் மிஞ்சும். மார்கழிக்கு, அல்லது ஊட்டிப் பயணத்துக்கு எடுத்து வைக்கலாம். கம்பளி ஸ்வெட்டரில் வாசம் கூடுதல் நேரம் தங்கும். கடையில் நீட்டுகிற காகிதத் துண்டை மட்டும் முகர்ந்துவிட்டு முடிவெடுக்க வேண்டாம். மணிக்கட்டில் அடித்துக்கொண்டு வெளியே போய், சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து விலை கேளுங்கள்.