அம்பாரம்: ஒரு பாரசீகச் சொல் நம் களத்துமேட்டுக்கு வந்த கதை

டென்மார்க்கில் இப்போது மாலை. கனடாவில் இருப்பவர்கள் காலைக் காப்பியோடும், ஆஸ்திரேலியாவில் இருப்பவர்கள் தூக்கத்தைத் தள்ளி வைத்துவிட்டும் இணைந்திருக்கிறீர்கள். நன்றி.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மொழியியல் படித்தவள் அல்ல. நர்சிங் டிப்ளமா முடித்து, இருபது வருடங்களாக நோயாளிகளின் கட்டிலோரம் நிற்பவள். இன்று நான் பேசப்போகும் சொல்லும் ஒரு கட்டிலோரத்தில்தான் எனக்குக் கிடைத்தது.

சில வருடங்களுக்கு முன் யூலன்டில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இரவுப் பணி. அங்கே ஒரு துருக்கியப் பெரியவர் இருந்தார். அவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன். டென்மார்க் 1973இல் வெளிநாட்டுத் தொழிலாளர் வருகையை நிறுத்துவதற்கு முன்பே இங்கே வந்து, தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். மறதி நோய் வந்தபோது அவரிடமிருந்து முதலில் போனது டேனிஷ் மொழி. பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் உதிர்வதை இந்த நோயில் பலரிடம் பார்க்கிறோம்.

இரவு இரண்டு மணிக்கு எழுந்துவிடுவார். கதவுப் பிடியைத் தடவித் தடவி, "அம்பார், அம்பார்" என்பார். குறிப்பேட்டில் யாரோ, 'அம்பர் என்ற பெண்ணைத் தேடுகிறார்' என்று எழுதி வைத்திருந்தார்கள். தூக்க மாத்திரையைக் கூட்டலாமா என்ற பேச்சும் வந்துவிட்டது.

எனக்கு அந்தச் சத்தம் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. பொறையாறுக்குப் பக்கத்தில் என் தாத்தா குத்தகைக்குப் பயிர் செய்தவர். அறுவடை முடிந்தால் களத்தில் தூற்றிய நெல்லைக் குவித்து, சாணிப்பாலால் மேலே குறி போட்டு, பக்கத்திலேயே கயிற்றுக் கட்டிலில் படுப்பார். பாட்டி சோற்றுத் தூக்கை என்னிடம் கொடுத்து, "தாத்தா அம்பாரத்துக்கிட்ட இருக்காரு, குடுத்துட்டு வா" என்பார்.

மறுநாள் அந்தப் பெரியவரின் மகளிடம் கேட்டேன். அவர் சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். 'அம்பார்' என்றால் அவர்கள் ஊர் வீட்டின் கோதுமைக் களஞ்சியமாம். இரவில் அதன் தாழ்ப்பாளைப் போடுவது சிறு வயதில் அப்பாவின் வேலையாம். அன்றிலிருந்து அவர் எழுந்தால் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், ஒரு கதவைச் சாத்தி, தாழிட்டதைத் தொட்டுப் பார்க்க வைத்தோம். போய்ப் படுத்துக்கொள்வார். மாத்திரைப் பேச்சு அதோடு நின்றது.

கோதுமை விளையும் துருக்கியக் கிராமத்தையும் நெல் விளையும் பொறையாற்றையும் ஒரே சொல் எப்படித் தொட்டது? தேடத் தொடங்கினேன்.

சொல்லின் தாய்வீடு ஈரான். பாரசீகத்தில் எழுதுவது 'அன்பார்', வாயில் வருவது 'அம்பார்'. தானியக் களஞ்சியம், சரக்கறை என்று பொருள். அதோடு சேர்ந்த வினைச்சொல் 'அன்பாஷ்தன்': குவித்தல், நிரப்புதல். இஸ்லாத்துக்கு முந்தைய பாரசீகத்தில் அது 'ஹம்பார்' என்று இருந்தது. முன்னால் உள்ள 'ஹம்' வடமொழியின் 'சம்' என்பதற்கு உறவு, ஒன்றாகச் சேர்ப்பதைக் குறிப்பது. இன்றைக்கும் ஈரானின் வறண்ட ஊர்களில் தரைக்கடியில் கட்டிய பெரிய நீர்த்தொட்டிக்கு 'ஆப் அம்பார்' என்று பெயர். 'ஆப்' என்றால் தண்ணீர். தண்ணீர்க் களஞ்சியம்!

இந்தச் சொல் ஓர் ஊருக்கே பெயரானது. யூப்ரடீஸ் நதிக்கரையில் சாசானியப் பேரரசுக்கு ஒரு காவல் நகரம் இருந்தது. அரசு வைத்த பெயர் பெரோஸ் ஷாபூர். 363இல் ரோமப் பேரரசர் ஜூலியன் முற்றுகையிட்ட ஊர் அது. படைக்கான தானியக் களஞ்சியங்கள் அங்கே இருந்ததால் மக்கள் வாயில் அது 'அன்பார்' ஆயிற்று. ராஜா வைத்த பெயர் மறைந்தது, களஞ்சியத்தின் பெயர் நின்றது. 752இல் முதல் அப்பாசியக் கலீபா அதைத் தலைநகராக்கிக்கொண்டார். அப்போது பாக்தாத் கட்டப்படவே இல்லை. போர்ச் செய்திகளில் நாம் கேட்ட ஈராக்கின் அன்பார் மாகாணம் இதே பெயரைத்தான் சுமக்கிறது.

வடக்கே ஆர்மீனியர்கள் இதை மிகப் பழங்காலத்திலேயே எடுத்துக்கொண்டார்கள். அதனால்தான் அவர்களிடம் முன்னால் அந்தப் பழைய 'ஹ' ஒலி இன்னும் இருக்கிறது: 'ஹம்பார்'. துருக்கியில் 'அம்பார்' களஞ்சியமாகவும், சரக்குக் கிடங்காகவும், கப்பலின் அடிவயிற்றுச் சரக்கறையாகவும் ஆனது. ஒட்டோமான் ஆட்சி போன இடமெல்லாம் சொல்லும் போனது. பல்கேரியர், செர்பியர், ருமேனியர், அல்பேனியர் எல்லாரிடமும் 'ஹம்பார்' அல்லது 'அம்பார்' உண்டு. ஹங்கேரியில் 'ஹொம்பார்'. கிரேக்கர்கள் கடலோடிகள் ஆயிற்றே, அவர்களிடம் 'அம்பாரி' என்றால் கப்பலின் சரக்கறை. ரஷ்யாவுக்குத் துருக்கிய இன மொழிகள் வழியே போய், ரஷ்யக் கிராமத்துத் தானியக் கொட்டகை 'அம்பார்' ஆனது.

நர்ஸாகிய எனக்கு மிகவும் பிடித்தது எகிப்து. துருக்கியிலிருந்து அரபுக்கு வந்த 'அன்பர்' முதலில் கிடங்கு, பிறகு படைவீரர் தங்கும் கூடம், கடைசியில் மருத்துவமனை வார்டு! தமிழில் எழுதிப் பார்த்தால் 'அன்பர்' என்று வருகிறது. எங்கள் வார்டுக்கு இதைவிட நல்ல பெயர் கிடைக்காது.

இங்கே ஒரு எச்சரிக்கை. யானை மேல் வைக்கும் அம்பாரி வேறு சொல். வாசனைப் பொருளான அம்பரும் வேறு. ஒலி ஒத்துப்போனால் மட்டும் உறவாகிவிடாது.

இந்தியாவுக்கு வருவோம். இந்தியிலும் உருதுவிலும் 'அம்பார்' என்றால் குவியல். தமிழில் 'அம்பாரம்' என்றால் நெற்குவியல், களஞ்சியம் இரண்டும். ஆனால் குவியலுக்கு நம்மிடம் சொல் இல்லையா? பொலி இருக்கிறது. சேமிக்கக் குதிர், சேர், பத்தாயம், களஞ்சியம் இருக்கின்றன. பிறகு ஏன் வெளியிலிருந்து ஒன்று வர வேண்டும்?

இந்தச் சொல்லோடு வந்த கூட்டத்தைப் பாருங்கள்: தாசில்தார், ஜமாபந்தி, வசூல், பாக்கி, ரசீது, ஜப்தி, கஜானா. விளைச்சல் கணக்குக்கான பசலி ஆண்டும் இதே கூட்டம்தான். முகலாயர், நவாப், மராட்டியர், பிறகு ஆங்கிலேயர் என்று ஆட்சி மாறினாலும் வருவாய்த்துறையின் பேச்சில் பாரசீகமும் அரபும் நிலைத்தன. விவசாயிக்குக் குவியலைக் குறிக்கப் புதுச் சொல் தேவைப்படவில்லை. குவியலை அளக்க வந்தவர்தான் தன் சொல்லோடு வந்தார். அன்பார் நகரத்திலும் முதலில் இருந்தது படைக்கான தானியம்தானே. களஞ்சியத்தின் சொல் ஊர் ஊராகப் போனதற்குப் பின்னால் வரியும் படையும் வியாபாரமும் இருந்தன.

நாம் மட்டும் வாங்கவில்லை, கொடுத்தும் இருக்கிறோம். நம் 'கிடங்கு' அல்லது அதன் உறவான தெலுங்குக் 'கிட்டங்கி' கடல் தாண்டி மலாயில் 'குடாங்' ஆனது. அங்கே வியாபாரம் செய்த ஐரோப்பியர் வாயில் 'கோடவுன்' ஆகி, 'குடோன்' என்று நம் கடைத்தெருவுக்கே திரும்பி வந்தது. யாழ்ப்பாணத்து உறவுகளுக்குக் கிட்டங்கி என்ற சொல் நன்றாகத் தெரியும். 1620இல் ரகுநாத நாயக்கரிடம் தரங்கம்பாடியைப் பெற்று டென்மார்க்காரர்கள் கோட்டை கட்டியபோதும் கீழ்த்தளத்தில் சரக்கறைகளை அமைத்தார்கள். 1845இல் விற்றுவிட்டுப் போகும்வரை அவர்களுக்கு அது சரக்கு ஊர்தான்.

அந்த டென்மார்க்கில், கோபன்ஹேகனில் 'மகசின்' என்று ஒரு பெரிய கடை இருக்கிறது. 1868இல் ஓர்ஹூஸ் நகரில் தொடங்கியது. வருகிறவர்கள் எல்லாரும் அதன் முன்னால் படம் எடுப்பார்கள். டேனிஷில் தானியக் கிடங்கும் 'மகசின்'தான். இது பாரசீகம் அல்ல, அரபு: 'மக்ஸன்', பன்மையில் 'மகாஸின்', சேமிக்கும் இடம். நம் கஜானாவும் இதே வேர். 1731இல் லண்டனில் எட்வர்ட் கேவ் என்பவர் பலரது எழுத்துகளைச் சேர்த்து வெளியிட்ட இதழுக்கு 'மகசின்' என்று பெயர் வைத்தார். இந்த உரை அச்சாகப்போகும் இணைய இதழும் சொல்லளவில் ஒரு களஞ்சியம். தமிழிலும் அதே நினைப்பு வந்திருக்கிறது: பெரியசாமித் தூரன் பதிப்பித்து 1954 முதல் வெளிவந்ததற்குக் 'கலைக்களஞ்சியம்' என்றுதானே பெயர்.

ஏன் இவ்வளவும் சொல்கிறேன்? நம் கூட்டங்களில் அடிக்கடி ஒரு கேள்வி வரும்: "இது தமிழ்ச்சொல்லா?" தெரிந்துகொள்வது நல்லதுதான். ஆனால் பிள்ளை வாயைத் திறக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வியோடு நின்றால், அடுத்த முறை அது டேனிஷிலேயே பேசிவிடும். என் வீட்டிலேயே நடந்தது. தப்பு என்னுடையதுதான்.

அந்தத் துருக்கியப் பெரியவரிடம் 'அம்பார்' பாரசீகச் சொல் என்று யாராவது சொல்லியிருந்தால் என்ன பயன்? வேலைக்காகக் கற்ற மொழி போன பிறகும் அவரிடம் தங்கிய சொல் அது. அளக்க வந்தவன் கொண்டுவந்த சொல்லாக இருக்கலாம். ஆனால் தாழ்ப்பாள் போட்ட சிறுவனும், பக்கத்தில் படுத்துக் காவல் காத்த தாத்தாவும் அதைத் தங்களுடையது ஆக்கிக்கொண்டார்கள். கணக்குப் பார்த்தவர்கள் போய்விட்டார்கள். காவல் காத்தவர்களிடம் சொல் நின்றது.

என் மகளுக்கு அம்பாரம் என்றால் என்னவென்று தெரியாது. அதற்குக் காரணம் பாரசீகமும் அல்ல, டேனிஷும் அல்ல. நான் ஒருநாளும் அவளிடம் அதைச் சொல்லவில்லை. களத்துமேடு இல்லாத ஊரில் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டேன். போன வாரம் இந்தப் பேச்சுக்குத் தயாராகும்போது அடுப்படித் தட்டில் அரிசியைக் கொட்டிக் குவித்து, தாத்தாவைப் போல மேலே ஒரு கோடு இழுத்துக் காட்டினேன். "இதை யாரும் எடுத்தால் கோடு அழிந்துவிடும், அப்படித்தானே அம்மா?" என்று கேட்டாள். தமிழில்தான் கேட்டாள்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் குதிர், பத்தாயம், கிட்டங்கி, அம்பாரம் என்று எது கிடைத்தாலும் கேட்டு வாங்கி வையுங்கள். ஒருநாள் அவர்கள் நம் மாதிரி ஒரு நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு சொல்லைச் சொல்வார்கள். அப்போது பக்கத்தில் நிற்பவருக்கு அது புரிய வேண்டும்.