முதலில் லென்ஸ், பிறகு கேமரா

நெய்வேலி நகரியத்தை ஒட்டியுள்ள எங்கள் வடக்குத்திலும் சுற்றுப்புற ஊர்களிலும் படிப்பை முடித்த இளைஞர்கள் சிலர் ஒளிப்படத் தொழிலை நாடுகின்றனர். திருமணம், காதணி விழா, மஞ்சள் நீராட்டு விழா, கோயில் திருவிழா என்று படமெடுக்கும் வாய்ப்புகள் இல்லாமல் இல்லை. ஆனால், முதல் வருமானம் வருவதற்கு முன்பே மாதத் தவணை தொடங்கிவிடுகிறது. கையிலுள்ள பணம் முழுவதையும் கேமராவின் உடற்பகுதிக்குச் செலவிட்டுவிட்டு, அதனுடன் சேர்த்து விற்கப்படும் சாதாரண லென்ஸோடு தொழிலுக்கு வருவோரைக் காண்கிறேன். இந்த வரிசை தலைகீழானது என்பதே என் கருத்து.

கேமரா வாங்கச் செல்வோர் முதலில் கேட்பது, 'எத்தனை மெகாபிக்ஸல்?' என்பதைத்தான். கேட்க வேண்டியதோ, 'எதை, எந்த வெளிச்சத்தில் படமெடுக்கப் போகிறோம்?' என்பதை.

வெளிச்சம் குறைந்த திருமண மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். கேமராவுடன் வரும் சாதாரண ஜூம் லென்ஸை முழுவதும் நீட்டினால், அதன் திறப்பு பெரும்பாலும் எஃப் 5.6 என்ற அளவில் நின்றுவிடும். விலை குறைந்த 50 மி.மீ. லென்ஸ் ஒன்று எஃப் 1.8 வரை திறக்கும். இந்த எண் குறையக் குறையத் திறப்பு பெரிதாகும். இவ்விரண்டுக்கும் இடையே உள்ளே வரும் ஒளியின் வேறுபாடு ஏறத்தாழ 10 மடங்கு. அதாவது, பின்னதில் நொடியில் 125-இல் ஒரு பங்கு நேரத்தில் எடுக்கக்கூடிய படத்துக்கு, முன்னதில் நொடியில் 13-இல் ஒரு பங்கு நேரம் தேவைப்படும். தாலி கட்டும் கைகள் அவ்வளவு நேரம் அசையாமல் இருப்பதில்லை, படம் கலங்கிவிடும்.

இதே குறையை விலையுயர்ந்த கேமராவால் தீர்க்க முடியுமா? முழு அளவு சென்சாரின் (36-க்கு 24 மி.மீ.) பரப்பு, பரவலாகக் கிடைக்கும் சிறிய சென்சாரின் பரப்பைப் போல இரண்டேகால் மடங்குக்குச் சற்றுக் கூடுதல். அதனால் கிடைக்கும் ஆதாயமும் ஏறத்தாழ அவ்வளவே. லென்ஸ் தருவது 10 மடங்கு. உடற்பகுதி தருவது இரண்டேகால் மடங்கு. ஆனால், விலை வேறுபாடோ இதற்கு நேர்மாறானது.

எஃப் 1.8 எல்லாவற்றுக்கும் ஏற்றதன்று. அவ்வளவு திறந்தால் கூர்மையாகத் தெரியும் ஆழம் குறைந்துவிடும். இரண்டு வரிசையாக நிற்கும் உறவினர்களில் பின்வரிசை மங்கிவிடும். குழுப் படத்துக்குத் திறப்பைச் சுருக்கி, ஃபிளாஷ் பயன்படுத்துவதே முறை. மேலும், சிறிய சென்சாரில் 50 மி.மீ. லென்ஸ், முழு அளவு சென்சாரில் 75 அல்லது 80 மி.மீ. லென்ஸ் தரும் காட்சிக் கோணத்தையே தரும். முகப் படங்களுக்கு இது நன்று. பின்னால் நகர இடமில்லாத சிறிய வீட்டுக்கு 35 மி.மீ. அல்லது அதனினும் குறைந்ததே ஏற்றது. வாலாஜா ஏரியிலோ பெருமாள் ஏரியிலோ பறவைகளைப் படமெடுக்க விரும்புவோருக்கு 300 மி.மீட்டருக்குக் குறைந்த லென்ஸ் பெரிதாகப் பயன்படாது. எடுக்கும் பொருளே லென்ஸைத் தீர்மானிக்கிறது.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு முன்னோடி உண்டு. எழுத்தாளர் அ. மாதவையாவின் மகனும் 1970-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற இயற்கையியலாளருமான மா. கிருஷ்ணன், காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தவர். ஒரு நிறுவனத்தின் உடற்பகுதியையும் வேறொரு நிறுவனத்தின் தொலைநோக்கு லென்ஸையும் தாமே இணைத்து உருவாக்கிய கருவியை அவர் பயன்படுத்தியதாக, இயற்கையியலாளர் இ.பி. ஜீ வியப்போடு குறிப்பிட்டுள்ளார். தமக்கு எது தேவை என்று அறிந்திருந்ததால், கடையில் கிடைத்த தொகுப்போடு அவர் நின்றுவிடவில்லை.

லென்ஸின் ஆயுளையும் கணக்கில் கொள்ள வேண்டும். நிக்கான் நிறுவனத்தின் 'எஃப்' இணைப்பு 1959-லும், கேனான் நிறுவனத்தின் 'இஎஃப்' இணைப்பு 1987-லும் வந்தவை. 2018-இல் இரு நிறுவனங்களும் முழு அளவு மிர்ரர்லெஸ் கேமராக்களுக்குப் புதிய இணைப்புகளைக் கொண்டுவந்தன. எனினும், அடாப்டர் மூலம் பழைய லென்ஸ்களைப் புதிய கேமராவில் பொருத்தலாம். உள்ளே மோட்டார் இல்லாத பழைய நிக்கான் லென்ஸ்கள் சிலவற்றை மட்டும் பெரும்பாலும் கையால்தான் குவியப்படுத்த வேண்டியிருக்கும். உடற்பகுதியின் மதிப்பு அடுத்த மாதிரி வந்ததும் சரிகிறது. நல்ல லென்ஸ் கேமராக்கள் பலவற்றைக் கடந்தும் உழைக்கும்.

உடற்பகுதி முக்கியமே இல்லை என்று கூறவில்லை. பறக்கும் பறவையைத் தொடர விரைவான தானியங்கிக் குவியம் வேண்டும். திருமணத் தொழிலுக்கு இரண்டு மெமரி கார்டுகளைப் பொருத்தும் வசதி வேண்டும். ஒரு கார்டு பழுதானாலும் படங்கள் தப்பும். மீண்டும் ஒரு முறை தாலி கட்டச் சொல்ல முடியாது அல்லவா? இவை தேவையிலிருந்து எழும் காரணங்கள். விளம்பரத்திலிருந்து எழுபவை அல்ல.

குறைந்த முதலீட்டில் தொடங்குவோருக்குப் பயன்படுத்திய கேமரா நல்ல வழி. ஷட்டர் எத்தனை முறை இயங்கியுள்ளது என்று கேட்டறிய வேண்டும். லென்ஸுக்குள் டார்ச் ஒளியைப் பாய்ச்சிப் பூஞ்சை உள்ளதா என்று பார்க்க வேண்டும். ரசீதிலுள்ள எண் கருவியிலுள்ள எண்ணோடு பொருந்த வேண்டும். கடலோர மாவட்டமான கடலூரின் ஈரப்பதத்தில் லென்ஸைத் தோல் பையில் மாதக்கணக்கில் மூடி வைப்பது பூஞ்சையை வளர்ப்பதற்கு ஒப்பாகும். சிலிக்கா ஜெல் இட்ட, காற்றுப் புகாத பெட்டி போதும். புழுதி மிகுந்த சாலையோரத்தில் லென்ஸை மாற்றுவதையும் தவிர்க்க வேண்டும்.

எதைப் படமெடுக்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்வோம். அதற்கேற்ற லென்ஸை ஓரிரு நிகழ்ச்சிகளுக்கு வாடகைக்கு எடுத்துப் பார்ப்போம். நம் ஊர்த் தொழில்நண்பர்கள் எந்த இணைப்பைப் பயன்படுத்துகின்றனர் என்று அறிந்தால், அவசரத்துக்கு இரவல் வாங்கவும் முடியும். கேமராவின் உடற்பகுதியை இறுதியில் தேர்ந்தெடுக்கலாம். கடனில்லாமல் தொழிலைத் தொடங்கும் இளைஞரால்தான், கையிலுள்ள கருவியின் எல்லையை அறியும் வரை பொறுமையாகக் கற்றுக்கொள்ள முடியும்.