மரக்கிளையில் ஏறிய இணையம்

நேபாளத்தின் மேற்குப் பகுதியில், ம்யாக்தி மாவட்டத்து மலைச்சரிவொன்றில், 7,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் நாங்கி என்றொரு சிற்றூர் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கூர்க்காப் படைகளுக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, எஞ்சியவர்கள் மலைநிலத்தைக் கொத்திப் பிழைக்கும் மகர் இனத்தாரின் ஊர் அது. இந்த நூற்றாண்டு பிறந்த சமயத்தில் அங்கே மோட்டார் செல்லும் பாதையும் இல்லை, தொலைபேசியும் இல்லை. கீழே பஸ்ஸை விட்டு இறங்கியவர் ஊர் போய்ச் சேர ஏறத்தாழ ஒரு பகல் முழுதும் மலை ஏற வேண்டும்.

அவ்வூரில் 1955-ஆம் ஆண்டு, ஓய்வு பெற்ற கூர்க்காச் சிப்பாய் ஒருவரின் குடும்பத்தில் பிறந்தவர் மகாபீர் புன். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் உயர்கல்வி கற்ற அவர், அங்கேயே ஒரு சௌகரியமான உத்தியோகத்தைத் தேடிக்கொள்ளாமல் ஊருக்குத் திரும்பி, ஹிமாஞ்சல் உயர்நிலைப் பள்ளியை வளர்ப்பதில் ஊராரோடு சேர்ந்து உழைத்தார். 1997-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து நான்கு பழைய கணினிகள் நன்கொடையாக வந்தபோது ஊரில் மின்சாரமே கிடையாது. ஓடை நீரில் சுழலும் சிறு இயந்திரம் ஒன்றை வைத்து மின்சாரம் உண்டாக்கினார்கள். பிறகு, உதிரி பாகங்களைச் சேர்த்துத் தாமே கணினிகளை அமைக்கலானார்கள். அவற்றுக்குரிய தகரக்கூடு கிடைக்காமையால், பலகையை அறுத்து ஆணி அடித்துப் பெட்டி செய்து, அதற்குள் பாகங்களைப் பொருத்தினார்கள். நம் ஊர்த் தச்சர் செய்யும் அஞ்சறைப் பெட்டிக்கு ஒரு திரையை இணைத்தாற்போன்ற அந்தச் சாதனத்தில்தான் நாங்கிப் பிள்ளைகள் முதன்முதலில் விரல் பழகினார்கள்.

கணினி வந்துவிட்டது, இணையம் வரும் வழி தெரியவில்லை. மாவோயிஸ்டுக் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த காலமாதலால், தொலைபேசிக் கம்பி வரும் என்று காத்திருப்பதில் பிரயோஜனம் இல்லை. செயற்கைக்கோள் வழியாகப் பெறுவதற்கோ அந்தப் பள்ளியின் கையில் பணம் இல்லை. 2001-இல் மகாபீர் தம் ஊரின் நிலையை விவரித்து, இதற்கு ஏதேனும் உபாயம் உண்டா என்று பி.பி.சி. நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டார். அவர் எழுதியதை பி.பி.சி. செய்தியாக வெளியிட்டதும், ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் தொண்டர்கள் மலையேறி வந்தார்கள். 2002-இல், தொலைக்காட்சிக்குரிய வட்டில் ஆண்டெனாக்களை மரங்களின்மேல் கட்டி, நாங்கிக்கும் பக்கத்து ஊராகிய ராம்சேக்கும் கம்பியில்லாத் தொடர்பை உண்டாக்கினார்கள்.

இதன் சூட்சுமத்தைச் சற்றுச் சொல்ல வேண்டும். நம் வீட்டு மூலையில் இருக்கும் வைஃபை பெட்டி, குத்துவிளக்கைப் போலத் தன் அலைகளை நாற்புறமும் சிந்துவதால், சில பத்து அடி தூரத்துக்குள்ளேயே அதன் பலம் குன்றிவிடுகிறது. அதே அலைகளை ஒரு குழிந்த வட்டிலால் ஒருமுகப்படுத்திவிட்டால், டார்ச் விளக்கின் ஒளிபோல அவை மைல்கணக்கில் பாயும். ஆனால் ஒரு நிபந்தனை: இரண்டு வட்டில்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், நடுவே ஒரு குன்று நின்றால் காரியம் கெட்டது. ஆகையால் ஏதேனும் ஒரு முகட்டில் வாங்கிக் கொடுக்கும் நிலையம் ஒன்றை வைத்து, பள்ளத்தாக்கைத் தாண்டி அடுத்த ஊருக்கு அலையை அனுப்ப வேண்டியிருக்கிறது. கோபுரம் எழுப்ப வசதியற்ற அம்முகடுகளில் மரமே கோபுரமாயிற்று. மரம் காற்றில் அசைந்தால் அலை குறி தப்பும் என்பது உண்மைதான். எனினும், இல்லாத கோபுரத்தைவிட அசைகின்ற மரம் மேலல்லவா? இவ்வாறு முகட்டு நிலையங்களின் வழியாகப் பொக்காரா நகரத்தைத் தொட்டு, 2003-இல் நாங்கி இணையத்தோடு சேர்ந்தது.

இதில் சட்டத்தின் சங்கடம் ஒன்றும் இருந்தது. கம்பியில்லாச் சாதனங்களை உரிமமின்றி வைத்திருப்பது நேபாளத்தில் அப்போது குற்றம்; எனவே தொண்டர்கள் அவற்றை ஓசைப்படாமல் கொண்டுவந்தார்கள். 2005-இல் மன்னர் ஞானேந்திரர் ஆட்சியைத் தம் கையில் எடுத்துக்கொண்டு, தேசமெங்கும் தொலைபேசியையும் இணையத்தையும் சில நாள் துண்டித்த காலம் வேறு வந்துபோயிற்று. மறுவருஷம், மன்னராட்சியின் பிடி தளர்ந்த பிறகே, வைஃபைக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. பள்ளிப் பிள்ளைகளுக்காகச் சட்டத்தை மீறலாமா என்று கேட்பவர்களுக்கு என் விடை, அந்தச் சட்டம்தான் பின்னால் மாறியது என்பதே.

ஆயினும் என்னை அதிகமாக வியக்கவைப்பது தொண்டர்கள் வந்தது அல்ல, அவர்கள் திரும்பிப் போன பிறகும் வேலை நிற்காததுதான். சாதனம் வெயிலாலும் மின்னலாலும் பழுதாகும். மின்கலம் தேய்ந்து போகும். அப்போது முகட்டுக்கு ஏறிப்போக உள்ளூரில் ஆள் வேண்டும், புதிது வாங்கப் பணம் வேண்டும். ஊர் இளைஞர்களுக்கு வேலை கற்றுக்கொடுத்தார்கள். பள்ளியோ தன் வருமானத்துக்காகக் கையால் காகிதம் செய்தும், பழப்பாகு காய்ச்சியும், மலையேற வரும் பயணிகளுக்குக் கூடாரமிட இடம் கொடுத்தும் பொருள் ஈட்டியது. ஒரு பள்ளியின் ஆசிரியர் வேறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் பாடம் சொல்லவும், ஊர் மருத்துவ நிலையம் பொக்காராவின் வைத்தியர்களிடம் யோசனை கேட்கவும் அதே அலை பயன்பட்டது. 2007-இல் மகாபீருக்கு மகசேசே விருது அளிக்கப்பட்டபோது, அது விஞ்ஞானத்துக்காக அன்று, சமூகத் தலைமைக்காகவே வழங்கப்பட்டது.

உங்கள் ஊர்ப் பள்ளிக்கும் யாரேனும் கணினியும் இணைப்பும் அன்பளிப்பாகத் தந்திருக்கக்கூடும். ஒரு நாள் அந்தப் பக்கம் போகும்போது, அந்த அறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.