ஆட்டம் நின்ற பிறகும் ஊசி தொடர வேண்டும்

நேற்றுவரை முத்துமுத்தாக எழுதிய சிறுமியின் கையெழுத்து திடீரென்று கோணலாகிறது. கையிலிருந்து டம்ளர் நழுவுகிறது. தோள் குலுங்குகிறது, முகம் சுளிக்கிறது, ஒன்றுமில்லாததற்கு அழுகிறாள். சேட்டை என்று வீட்டில் அதட்டுகிறார்கள். ஆனால் தூங்கும்போது பார்த்தால் அந்த ஆட்டம் பெரும்பாலும் அடங்கியிருக்கும்.

1686இல் ஆங்கில மருத்துவர் தாமஸ் சைடன்ஹாம் விவரித்ததால் இதற்கு சைடன்ஹாம் கோரியா என்று பெயர். 5 முதல் 15 வயதுக்குள், ஆண் குழந்தைகளைவிடப் பெண் குழந்தைகளுக்கே அதிகம் வருகிறது. தன் விரலை இறுகப் பிடிக்கச் சொல்லி மருத்துவர் சோதிப்பார். பால் கறப்பதுபோல அந்தப் பிடி இறுகும், தளரும்.

காரணம் தொண்டையில் தொடங்குகிறது. ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள், மூளையின் ஆழத்தில் அசைவுகளை ஒழுங்குபடுத்தும் பகுதியையும் பகையாக எண்ணித் தாக்குகின்றன. இதே தொற்றைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சலின் மூட்டுவலி சில வாரங்களில் வந்துவிடும். அதே காய்ச்சலின் இன்னொரு அடையாளமான கோரியாவோ பல மாதங்கள் கழித்தும் வரும். தொண்டைவலியை அதற்குள் எல்லோரும் மறந்திருப்பார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதற்கு ஆர்செனிக் கரைசலைக் குடிக்கக் கொடுத்தார்கள். இன்று வால்ப்ரோயேட், கார்பமசெபின் போன்ற வலிப்பு மருந்துகள் அசைவைக் குறைக்கின்றன. ஹாலோபெரிடால் வலுவானது, ஆனால் கழுத்து இழுத்துக்கொள்ளுதல், உடல் விறைத்தல் போன்ற தொல்லைகளைத் தரக்கூடும். வால்ப்ரோயேட் கல்லீரலைப் பாதிக்கலாம், கருவில் இருக்கும் குழந்தைக்கும் கேடு செய்யும். நோயாளிகளில் பலர் பருவ வயதை நெருங்கும் பெண்கள் என்பதால் அதைத் தொடங்குமுன் நிறைய யோசிக்க வேண்டும். கடுமையான நிலையில் ஸ்டீராய்டு கொடுப்பதும் உண்டு. லேசான ஆட்டத்துக்கு மருந்தே வேண்டியதில்லை. ஓய்வும், திட்டாத வீடும் போதும். பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே அடங்கிவிடும்.

என் கவலை அதற்குப் பிறகுதான். கை ஆட்டம் நின்றதும் மருத்துவமனைக்குப் போவதும் நின்றுவிடுகிறது. அதே எதிர்ப்பொருள் சண்டையில் இதய வால்வுகளும் சிக்கியிருக்கலாம். வெளியே அறிகுறி தெரியாது, ஸ்டெதஸ்கோப்புக்கும் சில சமயம் கேட்காது. எனவே கோரியா வந்த ஒவ்வொரு குழந்தைக்கும் இதயத்துக்கான எக்கோ பரிசோதனை கட்டாயம். அடுத்த தொண்டைத் தொற்று வந்தால் வால்வு மேலும் கெடக்கூடும். அந்தத் தொற்றைத் தடுப்பதற்காகத்தான் மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சத்தீன் பென்சிலின் ஊசி. இதயம் பாதிக்கப்படாவிட்டாலும் குறைந்தது 5 ஆண்டு, பொதுவாக 21 வயதுவரை. வால்வு பழுதாகியிருந்தால் இன்னும் நீண்டகாலம்.

அந்த ஊசி வலிக்கும். தசைக்குள் போடுவது, மருந்தும் கெட்டியானது. மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் கலந்து போட்டால் வலி குறையும். அப்படிப் போடும்படி பெற்றோர் தயங்காமல் கேட்கலாம். ஊசி போட்ட தேதிகளை எழுதிய நோட்டைப் பத்திரப்படுத்துங்கள். அவள் வளர்ந்து கருவுறும்போது ஆட்டம் திரும்பி வரக்கூடும். அன்று பிரசவ மருத்துவர் முதலில் கேட்க வேண்டியது அந்த நோட்டைத்தான்.