பெலாக்குப்பத்து மனையிலிருந்து மாதச் சம்பளம் வரை

திண்டிவனம் உணவுப் பூங்கா, வானூர் மினி டைடல், மாவட்டத் தொழில் மையம்: அரசு நிறுவனங்கள் ஒரு மாவட்டத்துக்கு வேலையைக் கொண்டுவரும் வழி என்ன?

விழுப்புரத்திலிருந்து தாம்பரம் போகும் காலை ரயிலில் மதியச் சாப்பாட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏறுகிறவர்கள் பலர். சிலருக்கு மறைமலை நகர், சிலருக்கு ஒரகடம், சிலருக்குச் சென்னை. வானூர்ப் பக்கத்து இளைஞர்களுக்குப் புதுச்சேரியின் சேதராப்பட்டு தொழிற்பேட்டை பக்கம். சென்னையிலிருந்து திண்டிவனம் ஏறக்குறைய 120 கிலோமீட்டர், விழுப்புரம் 160. ஜி.எஸ்.டி. சாலையும் ரயில் பாதையும் இரண்டு ஊர்களையும் தொட்டே போகின்றன. ஆனாலும் சிங்கப்பெருமாள் கோவில், ஒரகடம் வட்டாரம் வரை வந்த ஆலைகளில் மிகச் சிலவே அதற்குத் தெற்கே இறங்கின.

1993இல் தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது விழுப்புரம். 2019இல் கள்ளக்குறிச்சி பிரிந்து போனது. மிஞ்சிய மாவட்டத்தின் பிழைப்பு நெல், கரும்பு, உளுந்து, மல்லாட்டை என்கிற நிலக்கடலை, மரக்காணத்து உப்பு. படித்து முடித்த பிள்ளைகளுக்கோ உள்ளூரில் வேலை குறைவு. இந்த இடைவெளியை அடைக்கத்தான் திண்டிவனத்தை அடுத்த பெலாக்குப்பம், வெண்மணியாத்தூர் பகுதியில் 700 ஏக்கருக்கு மேல் நிலம் எடுத்துத் தொழிற்பூங்கா அமைத்தது சிப்காட்.

யார் என்ன செய்கிறார்கள்?

சிப்காட், சிட்கோ, டிட்கோ என்று செய்திகளில் வரும் பெயர்கள் பலருக்கும் ஒன்றுபோலவே தோன்றும். வேலை வேறு வேறு.

மூத்தது, 1949இல் தொடங்கிய தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகம். இது தொழிலுக்குக் கடன் கொடுக்கும். 1965இல் பிறந்த டிட்கோ, பெருந்தொழில்களில் அரசின் சார்பில் பங்குதாரராகச் சேரும். 1970இல் வந்த சிட்கோவின் பொறுப்பு சிறுதொழில் பேட்டைகள். 1971இல் தொடங்கிய சிப்காட் பெரிய அளவில் நிலம் எடுத்து, சாலை, தண்ணீர், மின்சாரம், தெருவிளக்கு ஏற்பாடு செய்து, மனைகளாகப் பிரித்து நீண்ட காலக் குத்தகைக்கு விடும். 1992இல் உருவான வழிகாட்டி நிறுவனம் முதலீட்டாளரைத் தேடிப் பிடித்துப் பேசி, புரிந்துணர்வு ஒப்பந்தம் வரை அழைத்து வரும். ஆலை வைக்க வேண்டிய அனுமதிகளுக்கு ஒவ்வொரு அலுவலகமாக அலைவதைக் குறைக்க ஒற்றைச் சாளர இணையதளமும் இருக்கிறது.

இந்த நிறுவனங்கள் சேர்ந்து இயங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு ஓசூர் சாட்சி. 1970களில் அங்கே சிப்காட் வளாகம் எழுந்தது. 1984இல் டாட்டா குழுமமும் டிட்கோவும் கூட்டாகத் தொடங்கிய டைட்டன் கைக்கடிகார ஆலை அங்கேதான் அமைந்தது. அந்த நிறுவனத்தில் டிட்கோ இன்றும் கால் பங்குக்கு மேல் வைத்திருக்கிறது. அரசு போட்ட விதை ஊருக்கு வேலையாகவும் கருவூலத்துக்கு ஈவுத்தொகையாகவும் திரும்பி வந்துகொண்டிருக்கிறது.

திண்டிவனத்துக்கு ஏன் உணவுப் பூங்கா?

உணவுப் பூங்கா இருப்பது அதே பெலாக்குப்பம் வளாகத்தில்தான். சிப்காட் உணவுப் பூங்காக்களுக்குத் தேர்வான மூன்று ஊர்கள் திண்டிவனம், தேனி, மணப்பாறை. இவற்றில் திண்டிவனத்துக்கு ஒரு தனி உரிமை உண்டு. நாடெங்கும் மல்லாட்டை பயிரிடுகிறவர்களுக்கு 'டி.எம்.வி.' என்ற மூன்றெழுத்து தெரியும். டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்று விதைப் பைகளில் வரும் அந்த எழுத்துகள் திண்டிவனத்தைக் குறிப்பவை. இங்குள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த ரகங்கள் அவை. 1940இல் வெளியான டி.எம்.வி. 2 தமிழ்நாட்டின் எல்லை தாண்டியும் பல பத்தாண்டுகள் விளைந்தது. எள்ளிலும் இந்த ஊர் பெயரில் ரகங்கள் உண்டு.

விதைக்குப் பெயர் கொடுத்த ஊர், விளைந்ததைப் பெரும்பாலும் மூட்டையாகவே வெளியே அனுப்பியது. கடலை பருப்பாகி, எண்ணெயாகி, மிட்டாயாகி, புட்டியிலும் பொட்டலத்திலும் அடைபடும்போது கூடும் மதிப்பு வேறு ஊர்களுக்குப் போனது. பக்கத்து மாவட்டத்தில் பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் இருக்கின்றன. சுற்றிலும் விளைச்சல், நடுவில் நெடுஞ்சாலை, இரண்டு மணி நேரத்தில் சென்னைத் துறைமுகத்தை நெருங்கிவிடலாம். பூங்காவுக்கான கணக்கு இதுதான்.

2024 ஆகஸ்டில் அந்தக் கணக்கை நம்பி ஒரு பெரிய பெயர் வந்தது. 1884இல் கல்கத்தாவில் தொடங்கிய டாபர் நிறுவனம், தென்னிந்தியாவில் தனது முதல் ஆலையைத் திண்டிவனம் பூங்காவில் அமைக்கத் தமிழ்நாடு அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. முதற்கட்டமாக 135 கோடி ரூபாய், ஐந்து ஆண்டுகளில் மொத்தம் 400 கோடி, வேலை 250 பேருக்கு என்பது அன்றைய அறிவிப்பு.

இந்த எண்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 400 கோடியை 250ஆல் வகுத்தால் ஒரு வேலைக்கு 1 கோடியே 60 லட்சம் ரூபாய் முதலீடு. இன்றைய ஆலைகளில் இயந்திரம் அதிகம், ஆள் குறைவு. இதனால் இத்தகைய ஆலை வேண்டாம் என்றாகிவிடாது. உணவு ஆலைக்கு உள்ளே ஒரு வேலை என்றால், வெளியே பறிப்பவர், தரம் பிரிப்பவர், குளிர்பதனக் கிடங்கு வைத்திருப்பவர், லாரி ஓட்டுநர், அட்டைப்பெட்டி செய்பவர் என ஒரு சங்கிலி உண்டு. அந்தச் சங்கிலியின் கண்ணிகள் விழுப்புரம் மாவட்டத்துக்குள் அமைந்தால்தான் பூங்காவின் பலன் முழுதாகக் கிடைக்கும்.

ஆள் பலத்தை நம்பும் தொழில் எப்படி இருக்கும் என்பதை, வந்தவாசி தாண்டிப் போனால் செய்யாறு சிப்காட்டில் காணலாம். அங்குள்ள காலணி ஆலைகளில் சுற்றுவட்டாரக் கிராமங்களைச் சேர்ந்த ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்கிறார்கள். கிராமத்து வாசலுக்கே பேருந்து வருவது, வீட்டைவிட்டு வேலைக்குப் போகாத குடும்பங்களின் பெண்களையும் சம்பளக்காரர்களாக்கியது. ஒரு மாவட்டத்துக்கு இரண்டு வகைத் தொழிலும் வேண்டும்.

வானூரில் கணினி வேலை

2000ஆம் ஆண்டில் சென்னை தரமணியில் திறக்கப்பட்ட டைடல் பூங்கா, டிட்கோவும் மாநில அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டும் சேர்ந்து உருவாக்கியது. பழைய மகாபலிபுரம் சாலையின் முகமே அதன்பின் மாறியது. அந்த யோசனையைச் சிறிய அளவில் மாவட்டங்களுக்குக் கொண்டுபோவது மினி டைடல் திட்டம். அதில் முதலில் திறக்கப்பட்டது விழுப்புரம் மாவட்டத்தில்தான். வானூர் வட்டம் திருச்சிற்றம்பலம் கூட்டுரோட்டருகே 31 கோடி ரூபாய் செலவில், 63,000 சதுர அடியில் எழுந்த கட்டடத்தை 2024 பிப்ரவரியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார். ஏறக்குறைய 500 பேர் அமர்ந்து வேலை செய்யலாம்.

இடத்தேர்வு கவனிக்கத்தக்கது. புதுச்சேரியும் ஆரோவில்லும் எட்டும் தூரம். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் உறுப்புக் கல்லூரிகள் உள்ளன. அங்கே படித்தவர் சென்னையில் விடுதி அறைக்கு வாடகை கட்டாமல் வேலை பார்க்கக் கிடைத்திருக்கும் வாய்ப்பு இது.

ஒப்பந்தம் எப்போது வேலையாகும்?

2024 ஜனவரியில் சென்னையில் நடந்த உலக முதலீட்டாளர் மாநாட்டில் 631 ஒப்பந்தங்கள், 6.64 லட்சம் கோடி ரூபாய் முதலீடு, நேரடியாகவும் மறைமுகமாகவும் 26.9 லட்சம் வேலை என்று அறிவிக்கப்பட்டது. புரிந்துணர்வு ஒப்பந்தம் என்பது நிச்சயதார்த்தம் போன்றது. அதன்பின் மனை ஒதுக்கீடு, சுற்றுச்சூழல் அனுமதி, கட்டுமானம், இயந்திரம், ஆள்சேர்ப்பு என்று படிகள் இருக்கின்றன. இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் ஓடிவிடும். முதலீட்டு மானியம் போன்ற சலுகைகளை ஆலை இயங்கத் தொடங்கிய பிறகு, சொன்ன முதலீடும் வேலையும் வந்திருக்கிறதா என்று பார்த்துத் தவணையாகக் கொடுப்பதே முறை. தொழில் குறைந்த மாவட்டங்களுக்குச் சலுகை அதிகம்.

காத்திருப்பு ஓரிடத்தில் பலிக்கும், இன்னோரிடத்தில் பலிக்காது. 1961இல் சிங்கப்பூர் பொருளாதார மேம்பாட்டு வாரியம் தொடங்கியபோது அந்நாட்டின் ஜூரோங் பகுதி சதுப்பு நிலமாக இருந்தது. ஆரம்பத்தில் மனைகள் காலியாகக் கிடக்க, நிதியமைச்சர் கோ கெங் சுவீயின் மடமை என்றே ஊரார் பேசினார்கள். பிறகு அதுவே ஆசியாவின் பெரிய தொழில் நகரங்களில் ஒன்றானது. நம் நாங்குநேரியிலோ, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய 2,500 ஏக்கரில் திட்டமிட்ட தொழில்நுட்பப் பூங்கா நெடுங்காலம் காலியாகவே கிடந்தது. நிலம் மட்டும் தொழிலை அழைத்து வராது. அதை வாங்க வருகிறவரோடு ஆண்டுக்கணக்கில் பேசும் ஆட்களும், பக்கத்தில் தொழில் தெரிந்த கைகளும் வேண்டும்.

நிலத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. செய்யாறு சிப்காட்டின் விரிவாக்கத்துக்கு விளைநிலம் எடுப்பதை எதிர்த்து மேல்மா வட்டார விவசாயிகள் 2023இல் மாதக்கணக்கில் போராடினார்கள். ஏழு பேர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. கடும் கண்டனத்துக்குப் பின் ஆறு பேர் மீதான நடவடிக்கை கைவிடப்பட்டது. கடலூர் சிப்காட்டின் ரசாயன ஆலைகளைச் சுற்றி வாழ்கிறவர்கள் காற்றையும் நிலத்தடி நீரையும் பற்றிப் பல ஆண்டுகளாக முறையிடுகிறார்கள். பூமியைக் கொடுத்தவர் வீட்டுப் பிள்ளைக்கு வேலை, தண்ணீருக்குப் பாதுகாப்பு இரண்டையும் முதல் நாளிலேயே எழுத்தில் உறுதிசெய்வது திண்டிவனத்தில் இப்போதே செய்யக்கூடியது.

ஆலைக்குக் காத்திராதவர்களுக்கு

சொந்தமாகத் தொழில் தொடங்க நினைக்கிறவர் போய் நிற்க வேண்டிய வாசல் விழுப்புரத்தின் மாவட்டத் தொழில் மையம். படித்த முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு 2012இல் வந்த 'நீட்ஸ்' திட்டத்தில் 25 விழுக்காடு முதலீட்டு மானியம் உண்டு. பட்டியலின, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 2023இல் வந்த அண்ணல் அம்பேத்கர் திட்டத்தில் 35 விழுக்காடு. ஒரு செக்கு, ஒரு பொரி ஆலை, ஒரு கடலை மிட்டாய்க் கூடம் இந்த மானியத்தில் எழுந்தால் பெரிய ஆலை வரும்வரை கைகட்டி உட்கார வேண்டியதில்லை. பின்னால் அதே சிறு கூடம் பூங்காவுக்குள் இருக்கும் ஆலைக்குச் சரக்கு தருகிற இடமாகவும் வளரலாம்.

அறுவடைக் காலத்தில் விழுப்புரம், திண்டிவனம் மார்க்கெட் கமிட்டிகளில் மூட்டைகள் குவியும். வியாபாரிகள் விலை கேட்பார்கள். அதிகம் கேட்டவருக்குச் சரக்கு. இன்று அப்படி விலை கேட்கிறவர்களில் பெரும்பாலோர் எண்ணெய் ஆலைக்காரர்களும் வெளியூர் வியாபாரிகளும். பெலாக்குப்பம் பூங்காவுக்குச் சரக்கு எடுக்கும் ஆள் அந்த வரிசையில் வந்து நின்று ஒரு விலை கேட்கும் நாளில், மூட்டையோடு காத்திருக்கும் விவசாயிக்குக் கூடுதலாக எவ்வளவு கிடைத்தது என்பது அன்று மாலையே தெரிந்துவிடும்.