ஃபார்மட் போடுவதற்கு முன்

கொள்ளிடத்துக்கு வடக்கே, ஏலாக்குறிச்சி மாதிரியான ஊர்களில் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால், அரியலூருக்கோ தஞ்சாவூருக்கோ தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும். அங்கே பல நேரம் கிடைக்கும் பதில், “ஃபார்மட் போட்டுடலாம்” என்பதுதான். மெஷின் ஓடத் தொடங்கிவிடும். உள்ளே இருந்த கல்யாணப் படங்களும் சான்றிதழ் ஸ்கேன்களும் போய்விடும். டிஸ்க்கும் பழையதாக இருக்கலாம்: தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது 2011 செப்டம்பரில். அப்போது வந்த லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், அதற்குப் பத்து வயது தாண்டிவிட்டது. ஆகவே பழுது பார்ப்பதற்கு முன்பே நகல் எடுத்துவிட வேண்டும். அதற்கான கருவி, வெளியிலிருந்து பூட் ஆகும் ஒரு டிஸ்க் அல்லது பென்டிரைவ்.

வெளியிலிருந்து ஏன்? விண்டோஸ் ஓடும்போது தன் டிஸ்க்கில் ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கிறது. சி டிரைவைச் சரிசெய்யச் சொன்னால், ‘அடுத்த முறை ஆன் செய்யும்போது பார்க்கிறேன்’ என்று தள்ளிப்போடுவது அதனால்தான். பென்டிரைவிலிருந்து பூட் செய்தால் சிஸ்டம் ரேமில் ஓடும். ஹார்ட் டிஸ்க்கை யாரும் தொடமாட்டார்கள். சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற இலவச லினக்ஸ் தொகுப்பு இதற்கென்றே உருவானது. டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் ‘ஸ்மார்ட்’ குறிப்பை அதில் படிக்கலாம்; படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கை நம்பக் கூடாது. அதிலுள்ள டிடிரெஸ்க்யூ நிரல் நல்ல பகுதிகளை முதலில் இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளுக்குப் பிறகு திரும்பிவரும். எதுவரை முடிந்தது என்ற குறிப்பை ரேமில் விடாமல் வெளி டிஸ்க்கில் சேமிக்கச் சொன்னால், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இந்த நகல் கைக்கு வந்த பிறகே பழுது பார்க்கும் வேலை.

பூட் பென்டிரைவைத் தயாரிப்பது எளிது, ஆனால் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. இறக்கிய சிஸ்டம்ரெஸ்க்யூ ஐஎஸ்ஓ கோப்பைப் பென்டிரைவில் காப்பி–பேஸ்ட் செய்தால் அது பூட் ஆகாது. ரூஃபஸ் போன்ற நிரலைக் கொண்டு இமேஜாக எழுத வேண்டும். அப்போது பென்டிரைவில் இருந்த பழையதெல்லாம் அழியும். யுஎஸ்பியிலிருந்து பூட் ஆகாத பழைய மெஷின் என்றால், டிவிடியில் ‘பர்ன் டிஸ்க் இமேஜ்’ முறையில் எழுதலாம். பிறகு ஆன் செய்தவுடன் எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று அந்தந்தக் கம்பெனிக்குரிய பொத்தானை அழுத்தினால் பூட் மெனு வரும்.

‘படமெல்லாம் போனிலும் கூகுளிலும் இருக்கிறதே’ என்பார்கள். போனில் எடுத்தது இருக்கும். கம்ப்யூட்டரில் மட்டும் கிடக்கும் கணக்கும் பழைய கேமரா படங்களும் அங்கே தாமாகப் போய்ச் சேர்வதில்லை. ‘இதெல்லாம் சர்வீஸ்காரர் வேலை’ என்பதில் பாதி நியாயம் இருக்கிறது: மூல டிஸ்க் எது, நகல் போகும் டிஸ்க் எது என்று மாற்றிக் கொடுத்துவிட்டால், காப்பாற்ற வந்ததே எல்லாவற்றையும் அழித்துவிடும். தயக்கம் இருந்தால் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கிலிருந்து ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். அது கருவிப் பழுது, எந்த நிரலும் உதவாது. புதிய விண்டோஸ் லேப்டாப்புகளில் பிட்லாக்கர் பூட்டு இருக்கலாம். 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் உள்ளே இருப்பதை வெளியிலிருந்து படிக்க முடியாது. எஸ்எஸ்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும்: ஃபார்மட் போட்ட பின் அதிலிருந்து எதையும் மீட்பது அரிது.

மெஷின் படுத்த பிறகு இந்தப் பூட் டிஸ்க்கை எழுத இன்னொரு கம்ப்யூட்டரைத் தேடி அலைய வேண்டியிருக்கும். ஆகவே மெஷின் நன்றாக ஓடும்போதே ஒரு பென்டிரைவை எழுதி, ஒருமுறை பூட் செய்து பார்த்து, பிட்லாக்கர் சாவியைத் தாளில் குறித்து வையுங்கள். கடைக்குப் போனாலும் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: “காப்பி எடுத்துட்டு அப்புறம் ஃபார்மட் போடுங்க.”